நவம்பர் 9: ஒரே தேதியில் ஒரு தேசத்தின் தலையெழுத்து

செய்தித்தாள்களில் "வரலாற்றில் இன்று" என்று ஒரு சின்ன கட்டம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தத் தேதியை எடுத்தாலும் அதில் நாலு பிறந்த நாள், மூன்று நினைவு நாள், ஒரு போர், ஒரு கண்டுபிடிப்பு இருக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எந்த சம்பந்தமும் இருக்காது. படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். தினசரி காலண்டரில் தாளைக் கிழித்துப் போடுவது போலத்தான்.

ஆனால் ஒரு நாட்டுக்கு மட்டும் ஒரு தேதி அப்படிக் கிழித்துப் போட முடியாததாக இருக்கிறது. அந்த நாடு ஜெர்மனி. அந்தத் தேதி நவம்பர் 9.

முடியாட்சி ஒழிந்து குடியரசு பிறந்தது நவம்பர் 9. ஹிட்லர் முதன்முதலாக ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றது நவம்பர் 9. யூதர்களின் கடைகளும் வழிபாட்டுத் தலங்களும் நாடு முழுக்க எரிந்தது நவம்பர் 9. பெர்லின் சுவர் திறந்ததும் நவம்பர் 9! ஜெர்மானியர்கள் இந்த நாளை "ஷிக்ஸால்ஸ்டாக்" என்கிறார்கள். விதியின் நாள் என்று பொருள். நம்ம ஊரில் தலையெழுத்து என்போமே, அதுதான்.

எல்லாம் தற்செயலா? சில தற்செயல். சில தற்செயலே இல்லை. எது எது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1848: சுட்டுக் கொல்லப்பட்ட எம்.பி.

1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி அலை வீசியது. அப்போது ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பல சிறு அரசுகள், பல மன்னர்கள். இவற்றையெல்லாம் ஒன்றாக்கி, மக்களாட்சி அரசியலமைப்பு ஒன்றை எழுத வேண்டும் என்று பிராங்பர்ட் நகரில் ஒரு தேசிய சபை கூடியது. அதில் ஓர் உறுப்பினர் ராபர்ட் ப்ளூம். கொலோன் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். லைப்சிக் நகரில் ஒரு நாடக அரங்கில் வேலை பார்த்து, எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் வளர்ந்து, சபை வரை வந்தவர்.

அந்த ஆண்டு அக்டோபரில் வியன்னாவில் பேரரசருக்கு எதிராக மக்கள் கிளர்ந்தார்கள். அவர்களுக்கு ஆதரவு சொல்ல ப்ளூம் அங்கே போனார். பேரரசரின் படை நகரைத் திரும்பப் பிடித்தது. ப்ளூம் கைதானார். சபை உறுப்பினரைக் கைது செய்யக் கூடாது என்ற சட்டப் பாதுகாப்பு அவருக்கு இருந்தது. யாரும் அதை மதிக்கவில்லை. இராணுவ நீதிமன்றம் அவசரமாக மரண தண்டனை விதித்தது. நவம்பர் 9 காலையில் வியன்னாவை ஒட்டிய பிரிகிட்டனாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் அவருக்கு 41 வயது முடிந்திருக்கும்.

மக்களாட்சி வேண்டும் என்று கேட்ட முதல் முயற்சி இப்படித்தான் அடங்கியது. அடுத்த முயற்சிக்கு 70 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சரியாக 70 ஆண்டுகள், நாள் கூடப் பிசகாமல்!

1918: ஒரே நாளில் இரண்டு குடியரசுகள்

முதல் உலகப் போரின் கடைசி நாட்கள். ஜெர்மனி தோற்றுவிட்டது என்பது படைத் தலைமைக்குத் தெரியும். செப்டம்பர் 29-ம் தேதியே தளபதி லூடன்டார்ஃப், உடனே போர் நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை வற்புறுத்தினார். (இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், திரும்ப வருவார்.) ஆனால் கடற்படைத் தலைமைக்கு வேறு ஆசை. பிரிட்டன் கடற்படையுடன் கடைசியாக ஒரு பெரிய மோதல் நடத்திப் பார்த்துவிடலாம் என்று திட்டமிட்டார்கள். முடிந்துபோன போருக்காக ஏன் சாக வேண்டும் என்று மாலுமிகள் மறுத்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் கீல் துறைமுகத்தில் வெடித்த கலகம் ஒரே வாரத்தில் நாடு முழுக்கப் பரவியது.

நவம்பர் 9, சனிக்கிழமை. பெர்லினில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அப்போது பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊரில், படைத் தலைமையகத்தில் இருந்தார். பதவி விலகச் சொல்லி பெர்லினிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. அவர் பிடிகொடுக்கவில்லை. பொறுத்துப் பார்த்த பிரதமர், பாடன் இளவரசர் மாக்ஸ், நண்பகலில் பேரரசர் விலகிவிட்டார் என்று தானே அறிவித்துவிட்டார்! கையோடு தன் பதவியை சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ப்ரெடெரிக் எபர்ட்டிடம் கொடுத்தார். எபர்ட் இளமையில் குதிரைச் சேணம் தைக்கும் தொழில் கற்றவர்.

பிற்பகல் சுமார் 2 மணி. எபர்ட்டின் கட்சிக்காரர் பிலிப் ஷைடமான் நாடாளுமன்ற உணவகத்தில் சூப் குடித்துக் கொண்டிருந்தார். வெளியே பெருங்கூட்டம். இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்னெக்ட் சோஷலிசக் குடியரசை அறிவிக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. ஷைடமான் எழுந்து போய் ஜன்னலில் நின்று, பழைய முடியாட்சி முடிந்தது, குடியரசு வாழ்க என்று அறிவித்தார். எழுதி வைத்த உரை இல்லை, யாருடைய அனுமதியும் இல்லை. எபர்ட்டுக்குக் கடும் கோபம். முடியாட்சியா குடியரசா என்பதை மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைதான் முடிவு செய்ய வேண்டும், உனக்கு என்ன உரிமை என்று சத்தம் போட்டார்.

சுமார் 4 மணிக்கு பெர்லின் அரண்மனையில் லீப்னெக்ட் "சுதந்திர சோஷலிசக் குடியரசை" அறிவித்தார். ஆக இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு குடியரசுகள்! மறுநாள் பேரரசர் நெதர்லாந்துக்குப் போனார். 1941-ல் அங்கேயே இறந்தார். லீப்னெக்ட்டும் ரோசா லக்சம்பர்க்கும் 1919 ஜனவரி 15 அன்று வலதுசாரிப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அதே ஜனவரி 19-ம் தேதி நடந்த தேர்தலில் ஜெர்மன் பெண்கள் முதன்முறையாக தேசிய அளவில் ஓட்டுப் போட்டார்கள்.

லீப்னெக்ட் அறிவிப்பு செய்த அந்த அரண்மனை வாசலுக்கு ஒரு பின்கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிச அரசு அரண்மனையை 1950-ல் இடித்தது. ஆனால் அந்த வாசலை மட்டும் விடாமல் எடுத்து, புதிதாகக் கட்டிய அரசவைக் கட்டடத்தின் முகப்பில் பொருத்தியது. இன்று அந்தக் கட்டடத்தில் இருப்பது ஒரு மேலாண்மைக் கல்லூரி! சோஷலிசக் குடியரசை அறிவித்த வாசலுக்குப் பின்னால் எம்.பி.ஏ. வகுப்பு நடக்கிறது.

1923: ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி

நவம்பர் 11, 1918 அன்று போர் நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் தளபதிகள் அல்ல. புதிய அரசின் சார்பில் வந்த அரசியல்வாதி மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் தலைமையிலான குழு. தளபதிகள் தோற்ற போருக்கு அரசியல்வாதிகள் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் என்ன நடந்தது? படை களத்தில் தோற்கவே இல்லை, உள்நாட்டில் இருந்த சோஷலிஸ்டுகளும் யூதர்களும் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற கதை கிளம்பியது. அந்தக் கதையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? உடனே போர் நிறுத்தம் கேளுங்கள் என்று வற்புறுத்திய அதே லூடன்டார்ஃப்! குடியரசை உருவாக்கியவர்களுக்கு "நவம்பர் குற்றவாளிகள்" என்று பெயர் சூட்டினார்கள். எர்ஸ்பெர்கரை 1921-ல் சுட்டுக் கொன்றார்கள்.

இந்தப் பொய்யை மக்கள் நம்பியதற்குப் பசியும் ஒரு காரணம். ஜெர்மனி போர்ச் செலவின் பெரும் பகுதியைக் கடன் வாங்கியே சமாளித்தது. தோற்ற பிறகு 1921-ல் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு சுமத்தப்பட்டது. தவணை தவறியது என்று 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் நிலக்கரி விளையும் ரூர் பகுதியை ஆக்கிரமித்தன. எதிர்ப்புத் தெரிவித்து அங்கே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசு நோட்டு அடித்தது. அடித்துக் கொண்டே இருந்தது.

1914-ல் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பர் நடுவில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்! சம்பளத்தைக் கூடையிலும் பையிலும் வாங்கிக் கொண்டு, விலை ஏறும் முன் கடைக்கு ஓடினார்கள். வாழ்நாள் சேமிப்பை வங்கியில் வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் ஒன்றுமில்லாமல் நின்றன. அதே நேரம் கடன் வாங்கியவர்களுக்குக் கடன் காணாமல் போனது. சேமித்தவன் முட்டாள், கடன்பட்டவன் கெட்டிக்காரன் என்ற நிலை. நியாயம் என்ற சொல்லின் மேலேயே நம்பிக்கை போய்விட்ட சமூகத்தில் யார் சத்தமாகப் பேசினாலும் கூட்டம் கூடும்.

அப்படிச் சத்தமாகப் பேசியவர்தான் ஹிட்லர். 1923 நவம்பர் 8 இரவு, மியூனிக் நகரில் பியர்கர்பிராய்கெல்லர் என்ற பெரிய பீர் அரங்கில் பவேரியாவின் ஆட்சியாளர் காஹ்ர் பேசிக் கொண்டிருந்தார். ஹிட்லர் தன் அடியாட்படையுடன் உள்ளே புகுந்து கூரையை நோக்கிச் சுட்டு, புரட்சி தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். பக்கத்தில் லூடன்டார்ஃப்! காஹ்ர் துப்பாக்கி முனையில் ஒப்புக் கொண்டு, வெளியே போனதும் மறுத்துவிட்டார். அந்த இரவில் படையினருக்குச் சம்பளம் கொடுக்க, அச்சகத்தில் அடித்து வைத்திருந்த நோட்டுக் கட்டுகளை எடுத்து வந்தார்கள்.

மறுநாள் நவம்பர் 9, நண்பகல். சுமார் 2,000 பேர் நகர மையத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். ஃபெல்டேர்ன்ஹாலே என்ற நினைவு மண்டபம் அருகே போலீஸ் மறித்தது. துப்பாக்கிச் சூடு. ஹிட்லர் தரப்பில் 16 பேரும் போலீஸில் 4 பேரும் இறந்தார்கள். ஹிட்லருக்குத் தோள்பட்டை மூட்டு விலகியது. தப்பி ஓடி இரண்டு நாளில் பிடிபட்டார்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். நீதிமன்றம் முடிய விடவில்லை. தேசத்துரோக வழக்கில் ஹிட்லருக்கு 5 ஆண்டு தண்டனை. ஆனால் 1924 டிசம்பரிலேயே வெளியே வந்துவிட்டார். லூடன்டார்ஃப் விடுதலை. வழக்கு நடந்த வாரங்களில் ஹிட்லர் நீதிமன்றத்தையே மேடையாக்கி நாடு முழுக்கப் பெயர் பெற்றுவிட்டார். இதற்கிடையே நவம்பர் 15, 1923 அன்று ரென்டன்மார்க் என்ற புதிய பணம் வந்து பணவீக்கம் நின்றது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புதிய மார்க். புரட்சி ஒரு வாரம் தள்ளி நடந்திருந்தால் என்று யோசிக்கத் தோன்றுகிறது அல்லவா?

1933-ல் ஆட்சிக்கு வந்த பிறகு நாஜிகள் நவம்பர் 9-ஐ ஆண்டுதோறும் பெரிய சடங்காக்கினார்கள். செத்த 16 பேரும் "தியாகிகள்". ஃபெல்டேர்ன்ஹாலேயைக் கடந்து போகிறவர்கள் எல்லாரும் நாஜி வணக்கம் செலுத்த வேண்டும். வணக்கம் போட மனமில்லாதவர்கள் பின்னால் இருந்த விஸ்கார்டிகாஸே என்ற சந்து வழியாகச் சுற்றிப் போனார்கள். ஊர்க்காரர்கள் அந்தச் சந்துக்கு "நழுவுகிறவர்கள் சந்து" என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அந்தச் சந்தின் தரையில் வெண்கல நிறத்தில் கற்கள் பதித்த ஒரு கோடு வளைந்து போகிறது. பெரிதாக எதிர்க்க முடியாதவர்கள் செய்த சின்ன எதிர்ப்புக்கு ஒரு சின்ன நினைவுச் சின்னம்.

1938: கண்ணாடி உடைந்த இரவு

இந்தச் சடங்குதான் அடுத்த நவம்பர் 9-க்குக் காரணம்.

1938 அக்டோபர் கடைசியில் ஜெர்மனியில் வாழ்ந்த சுமார் 17,000 போலந்து யூதர்களை நாஜி அரசு ஒரே மூச்சில் எல்லைக்கு அப்பால் தள்ளியது. அவர்களில் ஹானோவர் நகரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மகன் ஹெர்ஷல் கிரின்ஸ்பான், 17 வயது, பாரிஸில் இருந்தான். வீட்டிலிருந்து வந்த தபாலைப் படித்த பின், நவம்பர் 7 அன்று ஜெர்மன் தூதரகத்துக்குப் போய் எர்ன்ஸ்ட் ஃபோம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 9 மாலை, ஃபோம் ராத் இறந்தார்.

அந்த மாலை நாஜித் தலைவர்கள் எல்லாரும் எங்கே இருந்தார்கள்? 1923 நினைவு விழாவுக்காக மியூனிக் பழைய நகர மன்றத்தில், ஒரே கூரையின் கீழ்! நாடு முழுவதிலுமிருந்து வந்த கட்சித் தலைவர்கள் முன்னால் கோயபல்ஸ் பேசினார். ஆர்ப்பாட்டம் வெடித்தால் கட்சி தடுக்காது என்றார். கேட்டவர்களுக்குப் புரிந்தது. எழுந்து போய் தத்தம் ஊர்களுக்குத் தொலைபேசியில் கட்டளை கொடுத்தார்கள்.

அன்றிரவும் மறுநாளும் 1,400-க்கும் மேற்பட்ட யூத வழிபாட்டுத் தலங்கள் எரிக்கப்பட்டன அல்லது சூறையாடப்பட்டன. சுமார் 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன. அரசு சொன்ன சாவுக் கணக்கு 91. உண்மையில் அதைவிடப் பல மடங்கு. சுமார் 30,000 யூத ஆண்கள் டாகாவ், புக்கன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்தன. பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் பார்த்துக் கொள்வது மட்டுமே அவர்களுக்கு இட்ட வேலை.

விதிவிலக்கும் உண்டு. பெர்லினில் ஓரானியன்பர்கர் தெருவில் உள்ள பெரிய வழிபாட்டுத் தலத்துக்குத் தீ வைத்தபோது, அந்த வட்டாரப் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து, இது அரசு பாதுகாக்கும் நினைவுச் சின்னம் என்று சொல்லிக் கும்பலை விரட்டினார். தீயணைப்பு வண்டியை வரவழைத்து தீயையும் அணைக்க வைத்தார். சட்டம் அவர் கையில் இருந்தது போலவே மற்ற ஊர்ப் போலீஸ்காரர்கள் கையிலும் இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எரிந்ததை விடக் கொடுமை, எரிந்த பிறகு போட்ட கணக்கு. நவம்பர் 12 அன்று கோயரிங் தலைமையில் ஒரு கூட்டம். காப்பீட்டு நிறுவனங்களின் பிரதிநிதியும் அழைக்கப்பட்டார். உடைந்த கடைக் கண்ணாடிகளில் பெரும்பகுதி பெல்ஜியத்திலிருந்து வர வேண்டியவை, அந்நியச் செலாவணி கொடுத்து வாங்க வேண்டும் என்று அவர் விளக்கினார். கோயரிங்குக்குக் கோபம் வந்தது. எதற்கு? மனிதர்கள் செத்ததற்கு அல்ல. இவ்வளவு மதிப்புள்ள சரக்கை அழித்ததற்குப் பதில் இருநூறு யூதர்களைக் கொன்றிருக்கலாமே என்று அந்தக் கூட்டத்திலேயே சொன்னார்! குறிப்பேட்டில் பதிவாகி இருக்கிறது.

முடிவு என்ன? ஒன்று, யூதர்களுக்குச் சேர வேண்டிய காப்பீட்டுத் தொகையை அரசு எடுத்துக் கொள்ளும். இரண்டு, கடைகளை யூதர்களே தங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். மூன்று, யூத சமுதாயம் மொத்தமும் 100 கோடி மார்க் அபராதம் கட்ட வேண்டும். சொத்து மதிப்பில் 20 சதவீதம் என்று வசூல் தொடங்கி, பிறகு 25 சதவீதம் ஆக்கினார்கள். நான்கு, 1939 ஜனவரி 1 முதல் யூதர்கள் கடையோ தொழிலோ நடத்தக் கூடாது. அடிபட்டவனே அபராதமும் கட்ட வேண்டும். கணக்குப் புத்தகங்கள், ரசீதுகள், தவணைத் தேதிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. அநியாயம் எப்போதும் கலவரமாகத்தான் வரும் என்று இல்லை. நேர்த்தியான படிவமாகவும் வரும்.

அதன் பிறகு பிரிட்டன் சுமார் 10,000 குழந்தைகளை ஏற்றுக் கொண்டது. முதல் குழு டிசம்பர் 2 அன்று ஹார்விச் துறைமுகத்தில் இறங்கியது. அந்தக் குழந்தைகளில் பலர் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை.

1939: பதிமூன்று நிமிடம்

அடுத்த ஆண்டு விழாவுக்கு முந்தைய இரவு, நவம்பர் 8. அதே பீர் அரங்கு. ஜார்ஜ் எல்சர் என்ற தச்சர், எந்த இயக்கத்தின் உதவியும் இல்லாமல், முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் அரங்கில் ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் குடைந்து வெடிகுண்டு வைத்தார். நேரம் இரவு 9.20. மூடுபனி காரணமாக ஹிட்லர் விமானத்துக்குப் பதில் ரயிலில் திரும்ப வேண்டியிருந்ததால் 9.07-க்கே கிளம்பிவிட்டார். குண்டு சரியான நேரத்தில் வெடித்தது. ஒரு பணிப்பெண் உட்பட 8 பேர் இறந்தார்கள். எல்சர் சுவிஸ் எல்லையில் பிடிபட்டு, 1945 ஏப்ரல் 9 அன்று டாகாவ் முகாமில் கொல்லப்பட்டார். போர் முடிய ஒரு மாதமே இருந்தது.

அந்த 13 நிமிடத்தை நினைத்தால் யாருக்கும் மனசு கனக்கும்.

1967: மாணவர்கள் பிடித்த பதாகை

போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி வேகமாக வளர்ந்தது. பழைய கதையை மட்டும் யாரும் பேசவில்லை. 1967 நவம்பர் 9, ஹாம்பர்க் பல்கலைக்கழகம். புதிய தலைவர் பதவியேற்கும் விழா. பேராசிரியர்கள் கறுப்பு அங்கி அணிந்து வரிசையாக இறங்கி வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு மாணவர்கள் திடீரென்று ஒரு பதாகையை விரித்தார்கள். அந்த அங்கிகளுக்கு அடியில் ஆயிரம் ஆண்டுப் புழுக்க நாற்றம் என்பதுதான் வாசகத்தின் பொருள். ஆயிரம் ஆண்டு நிலைக்கும் என்று நாஜிகள் தம் ஆட்சியைச் சொல்லிக் கொண்டதைக் குத்திக் காட்டியது அது. கோபமடைந்த ஒரு பேராசிரியர், உங்களையெல்லாம் சித்திரவதை முகாமில் போட வேண்டும் என்று மாணவர்களைப் பார்த்துக் கத்தினார். பதாகை சொன்னது உண்மை என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை!

1989: ஒரு துண்டுச் சீட்டு

1961 ஆகஸ்ட் 13 அன்று எழத் தொடங்கிய பெர்லின் சுவர், மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டர் நீண்டது. அதைத் தாண்டும் முயற்சியிலும் அதை ஒட்டியும் குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள். தாண்ட முயன்று சுடப்பட்டவர்களில் கடைசியானவர் கிறிஸ் கெஃப்ராய். 20 வயது. 1989 பிப்ரவரியில் இறந்தார். இன்னும் ஒன்பது மாதம் பொறுத்திருந்தால் நடந்தே போயிருக்கலாம். ஆனால் அது அன்று யாருக்குத் தெரியும்?

1989 செப்டம்பரில் ஹங்கேரி தன் எல்லையைத் திறந்தது. கிழக்கு ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கில் அந்த வழியே வெளியேறினார்கள். அக்டோபர் 9 அன்று லைப்சிக்கில் சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. பத்தே நாளில் அதிபர் ஹோனேக்கர் பதவி இழந்தார்.

நவம்பர் 9, வியாழக்கிழமை. பயண விதிகளைத் தளர்த்தி ஒரு புதிய வரைவு தயாரானது. மறுநாள் காலை வெளியிட்டு, விண்ணப்பம், விசா என்று ஒழுங்காக நடத்துவது திட்டம். அன்று மாலை பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போன கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கியிடம் புதிய தலைவர் எகோன் கிரென்ஸ் அந்தத் தாளைக் கொடுத்தார். விவரம் பேசப்பட்டபோது ஷபோவ்ஸ்கி அங்கே இல்லை. மறுநாள்தான் வெளியிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

மாலை 7 மணிக்குச் சில நிமிடம் முன்பு தாளைப் படித்தார். எப்போதிருந்து என்று கேட்டார்கள். தாளைப் புரட்டினார், தலையைச் சொறிந்தார், எனக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு! மேற்கு ஜெர்மன் செய்திகள் எல்லை திறந்தது என்று சொல்ல, கிழக்கு பெர்லின் மக்கள் சுவரை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பொறுப்பில் இருந்தவர் ஹரால்ட் யேகர். இரவு உணவு சாப்பிடும்போது தொலைக்காட்சியில் அந்த அறிவிப்பைக் கேட்டு அதிர்ந்தார். மேலதிகாரிகளுக்கு மறுபடி மறுபடி போன் போட்டார். தெளிவான பதில் இல்லை. அதிகமாகச் சத்தம் போடுகிறவர்களை மட்டும் வெளியே விடு, கடவுச்சீட்டில் புகைப்படத்தின் மேல் முத்திரை குத்து, அவர்கள் திரும்ப வர முடியாது என்றார்கள். கூட்டம் ஆயிரங்களைத் தாண்டியது. இரவு சுமார் 11.30 மணிக்கு யேகர் தானே முடிவெடுத்தார். தடுப்பைத் தூக்கச் சொன்னார். ஒரு குண்டு கூட வெடிக்காமல் சுவர் திறந்தது.

அன்று இரவு அந்த வழியே போன கூட்டத்தில் ஓர் இளம் இயற்பியல் ஆய்வாளரும் இருந்தார். வியாழன்தோறும் போகும் வழக்கப்படி நீராவிக் குளியலுக்குப் போய்விட்டு வந்து சேர்ந்தார். பெயர் அங்கேலா மெர்க்கல். 2005 முதல் 2021 வரை ஜெர்மனியின் பிரதமர்! எல்லை தாண்டி வந்தவர்களுக்கு மேற்கு ஜெர்மனி தலைக்கு 100 மார்க் வரவேற்புப் பணம் கொடுத்தது. வங்கி வாசல்களில் நீண்ட வரிசை.

விடுமுறை இல்லாத நாள்

இவ்வளவு மகிழ்ச்சியான நாள் தேசிய விடுமுறை ஆகியிருக்க வேண்டாமா? ஆகவில்லை. சட்டப்படி இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த 1990 அக்டோபர் 3-தான் தேசிய நாளாக இருக்கிறது. நவம்பர் 9-ஐ வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, 1938 குறுக்கே நின்றது. வழிபாட்டுத் தலங்கள் எரிந்த தேதியில் பட்டாசு கொளுத்த முடியுமா?

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கடனையும் சொத்தையும் நேர் செய்து, மிச்சத்தை மட்டும் ஏட்டில் எழுதக் கூடாது. இரண்டையும் தனித்தனியே காட்ட வேண்டும். ஜெர்மனி இந்த நாளில் செய்வது கிட்டத்தட்ட அதுதான். 2014-ல் சுவர் திறந்த 25-ம் ஆண்டு நிறைவுக்கு, சுவர் நின்ற தடத்தில் 15 கிலோமீட்டருக்கு சுமார் 8,000 ஒளிரும் பலூன்களை நிறுத்தி வைத்து, நவம்பர் 9 இரவில் ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டார்கள். அதே நவம்பர் 9-ல், ஆண்டுதோறும், சாதாரண மக்கள் வாளியும் துணியுமாகத் தெருவில் இறங்கி நடைபாதையில் மண்டியிடுகிறார்கள். நாஜிகள் இழுத்துப் போனவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசல்களில் பித்தளைத் தகடு வைத்த சிறு கற்கள் பதித்திருக்கிறார்கள். கலைஞர் குந்தர் டெம்னிக் தொடங்கிய இந்தக் கற்கள் ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறார்கள்.

இப்போது தொடக்கத்துக் கேள்விக்கு வரலாம். தற்செயலா? 1848-க்கும் 1918-க்கும் தேதி பொருந்தியது தற்செயல். 1938 தற்செயல் அல்ல. 1923-ஐக் கொண்டாடக் கூடியவர்கள் ஒரே அறையில் இருந்ததால்தான் ஒரே இரவில் நாடு எரிந்தது. 1989 மறுபடியும் தற்செயல், ஒரு தாளைச் சரியாகப் படிக்காததால்.

ஆனால் தேதி எதையும் செய்வதில்லை. சூப்பை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனது ஒரு மனிதர். தீ வைத்தவர்களும் மனிதர்கள், விரட்டிய போலீஸ்காரரும் மனிதர். தடுப்பைத் தூக்கச் சொன்னதும் மேலிடத்துக் கட்டளை கிடைக்காத ஒரு மனிதர்தான். தலையெழுத்து என்று நாம் சொல்வதை எழுதியவர்களின் கையெழுத்தைத் தேடினால், பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

அடுத்த முறை காலண்டரில் நவம்பர் 9-ஐக் கிழிக்கும்போது, இன்று எங்கோ ஒருவர் மண்டியிட்டு ஒரு பித்தளைத் தகட்டைத் துடைத்துக் கொண்டிருப்பார் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.